சிவலைக்குக் கொடுத்த உப்பு

2023 ஆகஸ்ட் 13ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கண்டாவளையில் நடந்த மாட்டுவண்டிச் சவாரியின் இறுதி ஓட்டத்தில் உருத்திரபுரம் பரமலிங்கத்தின் மாட்டுச் சோடி முதலாவதாக வந்தது. அந்தச் சோடியில் இடப்பக்கம் ஓடிய மயிலை மாடு, மாசி மாதம்வரை அவருடைய தங்கையின் கணவர் குகதாசனின் கொட்டிலில் நின்றது.

விற்றவர் குகதாசனேதான். வெண்சாம்பல் நிற மயிலையையும் செந்நிறச் சிவலையையும் கன்றிலிருந்து வளர்த்து ஒன்றாகப் பூட்டியவர் அவர். முதல் ஓட்டத்தில் சோடி பறக்கும். வெயில் ஏறி அடுத்த ஓட்டம் வரும்போது மயிலைக்கு நாக்கு வெளியே வந்துவிடும். அதற்கு மூச்சில்லை என்று ஊரெல்லாம் சொல்லி மைத்துனரின் தலையில் கட்டிவிட்டு, சிவலைக்கு வேறொரு துணை வாங்கினார். இப்போது மயிலை கடைசி ஓட்டத்திலும் களைக்கவில்லை.

மறுநாள் தேத்தண்ணிக் கடையில் ஊர் இளைஞன் ரஜிதன் கேட்டான்: "தாசண்ணை, உங்கட கொட்டில்ல நிக்கேக்கை அந்த மயிலைக்கு மூண்டு காலோ?"

"கொண்டு போய் என்னத்தையோ பருக்கிறான்."

"அப்ப நீங்களும் பருக்குங்கோவன். ஆர் மறிச்சது?"

குகதாசன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அங்கே மனைவி ஜெயரூபி, அண்ணன் வென்ற கிண்ணத்தைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்கள் என்று முகம் மலரச் சொன்னார். அது தன் மாடு ஓடி வாங்கிய கிண்ணம் என்று நினைக்க, குகதாசனுக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணாட்டை ஒருக்காக் கேளுங்கோவன். ஒளிக்கிற ஆளில்லை அவர்" என்றார் ஜெயரூபி.

"கொண்ணரிட்டைக் கேட்டு மாடு வளர்க்கிறதிலும் பாக்க நான் கோழி வளர்க்கிறன்."

கேட்கவில்லை, பார்க்கப் போனார். இரண்டு வீட்டு வளவுகளுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. தண்ணீர் திருப்பும் சாட்டில் மண்வெட்டியோடு அதில் இறங்கி, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பரமலிங்கத்தின் மனைவி ஜெகதீஸ்வரி வாளியில் இருந்த தவிட்டுக்குள் பனங்கட்டியை நொறுக்கிப் போட்டு, ஒரு சிறங்கை உப்பையும் அள்ளிப் போட்டார். மயிலை வாளிக்குள் முகத்தைப் புதைத்தது. அந்த நேரம் யாரோ இருமும் சத்தம் கேட்டுக் குகதாசன் குனிந்து திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு மாட்டின் முன்னால் தொட்டி நிறையத் தண்ணீர் வைக்கப்பட்டதை அவர் காணவில்லை.

உருத்திரபுரத்துச் சவாரி அடுத்த மாதம் வந்தது. அவருக்குத் தெரிந்த சவாரிக்காரர் பலர் முதல்நாள் பின்னேரத்துக்குப் பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதில்லை. வயிறு பாரமானால் கால் எழும்பாது என்பது அவர்களின் கணக்கு. குகதாசனும் காட்டவில்லை. காலையில் எள்ளுப் புண்ணாக்கோடு பனங்கட்டியையும் உப்பையும் பிசைந்து உருண்டை பிடித்தார். மைத்துனர் வீட்டில் ஒரு சிறங்கை என்றால் இங்கே நாலு. துணை மாடு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பியது. அதன் பங்கையும் சேர்த்துச் சிவலை தின்றது.

முதல் ஓட்டத்தில் குகதாசனின் சோடி பரமலிங்கத்தின் சோடியை ஒரு தலை முந்தியது. வண்டிலை விட்டு இறங்கியதும், மைத்துனரின் முகம் எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கக் கூட்டத்துக்குள் தேடினார். பரமலிங்கம் தன் வண்டிலுக்குப் பக்கத்தில் கை தட்டிக்கொண்டு நின்றார். அதைக் கண்டதும் குகதாசனுக்கு வென்ற சந்தோசமும் போய்விட்டது.

அடுத்த ஓட்டத்துக்குப் பூட்டும்போது சிவலையின் தசைகள் துடித்தன. வண்டில் நகர்ந்ததும் மாடு கண் தெரியாததைப்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்கால் மடிந்து, நுகத்தோடு விழுந்தது. பரமலிங்கம்தான் முதலில் ஓடிவந்து கயிற்றை அறுத்தார்.

"தண்ணி காட்டினனியோ?"

"சவாரி நாளில ஆர் காட்டுறது?"

"வேற என்ன குடுத்தனி?"

குகதாசன் அறுந்த கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். பக்கத்தில் வந்து நின்ற ஜெயரூபி சொன்னார்: "உப்பண்ணா. புண்ணாக்கோட. கனக்க."

"உப்பைக் குடுத்துப் போட்டுத் தண்ணியை மறிச்சனியோ?" பரமலிங்கம் மாட்டின் உதட்டைத் தூக்கி, பல் முரசை அழுத்திப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. "நான் வெளிக்கிடும்வரை தண்ணி வைக்கிறனான், மச்சான். ஓடி முடிய ஆற விட்டு, திரும்பவும் வைக்கிறனான். வேர்வையில போற உப்பைத்தான் திருப்பிக் குடுக்கிறது. ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்தானே."

திடலில் நின்ற மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். ஒரேயடியாகக் குடிக்க விட்டால் மூளை வீங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார். பரமலிங்கம் சிவலையின் தலையை மடியில் வைத்து, கோப்பையால் மொண்டு மொண்டு பருக்கினார். இரண்டாவதாக வந்தவர்களுக்கும் இடமிருந்த இறுதி ஓட்டத்துக்கு ஒலிபெருக்கியில் அவருடைய பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. தன் மாடு கிடந்து மூச்சு வாங்கும்போதும் குகதாசனின் காதில் அந்தப் பெயர்தான் விழுந்துகொண்டிருந்தது.

சிவலை பிழைத்தது. ஆனால் பின்னங்கால் ஒன்றை இழுத்தே நடந்தது. ஒரு நாள் பரமலிங்கம் குகதாசனின் வளவுக்கு வந்தார்.

"இதை எனக்குத் தா, மச்சான். ஓடாட்டில் பறவாயில்லை. மயிலையோட நிண்டிட்டுப் போகட்டும்."

"யோசிச்சுச் சொல்லுறன்."

அடுத்த வியாழக்கிழமை ஜெயரூபி கிளிநொச்சிச் சந்தைக்குப் போயிருந்த நேரம், வவுனியாவிலிருந்து வந்த இறைச்சி மாட்டு வியாபாரி ஒருவர் குகதாசனின் கையில் காசை வைத்துவிட்டுச் சிவலையை லொறியில் ஏற்றிச் சென்றார்.