குசினிக்குள் பத்துக் கான்கள்

எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்பு மூட்டி இன்றோடு எட்டு நாட்கள். அரிசி இருக்கிறது, மா இருக்கிறது, விறகும் இருக்கிறது. ஆனால் அடுப்பிலிருந்து நான்கு முழத் தூரத்தில் பத்துப் பெற்றோல் கான்களும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து அடுக்கிய மகராசன் என் கணவர் குகதாசன்தான்.

எங்கேயோ கடலுக்கு அப்பால் சண்டை மூண்டது. கப்பல் பாதையை மூடப்போகிறார்களாம் என்று செய்தியில் சொன்னார்கள். அன்று பின்னேரமே மல்லாவிப் பெற்றோல் செட்டில் வரிசை நின்றது. இரண்டு மாதத்துக்குக் கையிருப்பு உண்டு, யாரும் பதற வேண்டாம் என்று அமைச்சர் ஒருவர் தொலைக்காட்சியில் சொன்னார். அதோடு இவருக்குப் பதற்றம் முற்றிவிட்டது.

"பதறவேண்டாம் எண்டு சொல்லினமெண்டால் பதறுற நேரம் வந்திட்டுது எண்டு அர்த்தம்," என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

கானில் பெற்றோல் கொடுக்கமாட்டார்கள். அதற்கும் இவரிடம் வழி இருந்தது. வரிசையில் நின்று மோட்டார் சைக்கிள் தாங்கியை நிரப்புவார். வீட்டுக்கு வந்து, குழாயை விட்டு வாயால் உறிஞ்சிக் கானுக்குள் இறக்குவார். மறுபடி வரிசைக்குப் போவார். மூன்று நாட்கள் இதே வேலை. தோட்டத்தில் மிளகாய்க் கன்றுகள் தண்ணீரில்லாமல் வாடின. சோறு பெற்றோல் மணக்கிறது என்று என்னிடம் முறைப்பாடு வேறு. மணப்பது சோறா, அவர் வாயா?

வெளியே வைத்தால் களவு போகும்; யாராவது கண்டால் பொலிஸுக்குக் கதை போகும். பூட்டுப் போடக்கூடிய அறை குசினி ஒன்றுதான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். எங்கள் வீட்டுப் பூனை அடுப்பங்கரையிலேயே பெற்றோலை அடுக்கி வைத்திருக்கிறது.

நான் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவள். பள்ளிக்கூடக் கன்ரீனுக்குக் காலையில் இருநூறு. இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே தொழில் அது. அதை விடக்கூடாது என்று முற்றத்தில் மூன்று கல் வைத்து அவித்தேன். பத்து மணிக்குக் கன்ரீன் நடத்தும் சுமித்திரா போன் எடுத்தாள்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. இடியப்பம் பெற்றோல் மணக்குதெண்டு ரீச்சர்மார் சொல்லுகினம். பிள்ளையளும் திருப்பித் தந்திட்டுதுகள்."

"மா கொஞ்சம் பழசு போல, பிள்ளை," என்று புளுகினேன். மாவை அறைக்கு மாற்றிப் பார்த்தேன். சின்ன வீடு, மணம் அங்கும் வந்தது. வெள்ளிக்கிழமை சுமித்திரா மறுபடி எடுத்தாள்.

"இண்டைக்கு மட்டும்தான் பாப்பன், அக்கா. துணுக்காயிலை ஒரு அக்கா தாறன் எண்டு நிக்கிறா. திங்கக்கிழமை நீங்கள் தாறியளோ இல்லையோ எண்டு இண்டைக்கே சொல்லுங்கோ."

நேரே குகதாசனிடம் போனேன்.

"இஞ்சேருங்கோ, வரிசையெல்லாம் கலைஞ்சு போச்சு. செட்டிலை ஈயோட்டுறாங்கள். இந்தக் கானுகளை ஆருக்காவது குடுத்துத் துலையுங்கோ."

"அடுத்தது வரும்."

"என்ன அடுத்தது?"

"ஏதோ ஒண்டு. டொலர் ஏறும். இல்லாட்டிக் கப்பல் வராது. எங்களுக்கு எப்ப சொல்லிப்போட்டு நடந்தது?"

அவர் ஏன் இப்படி என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ஏசுவதுதான் இன்னும் கஷ்டம். யுத்தத்தில் எங்கள் பக்கத்துக்குச் சாமான் வராமல் மறித்த பொருளாதாரத் தடைக் காலத்தில், இவருக்குப் பதினான்கு வயதில், தகப்பனைப் புடையன் பாம்பு கடித்தது. பக்கத்து வளவில் உழவு இயந்திரம் நின்றது. அதற்குள் ஒரு சொட்டு டீசல் இல்லை. தகப்பனைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சால்வையால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு மிதித்தார். பாதி வழியில் முதுகில் சாய்ந்திருந்த தலை பாரமாகிவிட்டதாம். நிறுத்திப் பார்க்கப் பயந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மிதித்தாராம். கலியாணம் முடித்த இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் இதைச் சொன்னார்.

அதற்காக என் அடுப்பை அணைக்கலாமா? கோபம் கோபமாக வந்தது.

"அது முடிஞ்ச கதை. முப்பது வருசமாகுது. பயத்தை வீட்டுக்குள்ளை வைச்சுப் பூட்டிக்கொண்டு மனுசர் எப்பிடிச் சீவிக்கிறது?" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை.

"சரி, கௌசலா. பத்தையும் இப்பவே வெளியிலை எடுக்கிறன். நீர் அந்த அலுமாரியைத் திறவும்."

என் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போனது.

என் சேலைகள் எல்லாம் அறைக்குள் கயிற்றுக் கொடியில்தான் தொங்குகின்றன. அலுமாரிக்குள் அவற்றுக்கு இடமில்லை. மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை சவர்க்காரம். உடுப்புத் தோய்க்கிறது, மேலுக்குப் போடுகிறது, எல்லாம். சங்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் ஒன்று கூடுதலாக வாங்குவேன். அடியில் கிடப்பவை வாசம் போய், காய்ந்து வெடித்திருக்கும். ஒன்றையும் எடுத்துப் பாவித்ததில்லை. அலுமாரிப் பூட்டின் திறப்பு என் சங்கிலியில் ஊசியோடு தொங்குகிறது. இவருக்குத் தெரியாது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அதே தடைக் காலத்தில் எனக்குப் பத்து வயது. சவர்க்காரம் கிடைக்காமல் அம்மா பனம்பழத்தைப் பிசைந்து என் வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் காயப்போட்டார். இனிப்பு மணத்துக்கு மாடு வந்து அதைச் சப்பிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு இருந்தது அந்த ஒரு சட்டைதான். மிச்சத்தை ஒட்டுப்போட்டு உடுத்துக்கொண்டு போனேன். வகுப்பு முழுவதும் மாடுபோலக் கத்தியது.

"திறவுமன்," என்றார். நக்கலில்லை, கெஞ்சுவதுபோலத்தான் இருந்தது. நான் திறந்தால் தானும் விட்டுவிடலாம் என்று நின்றார். அவருக்கும் அந்தக் கான்கள் பாரமாக இருந்திருக்க வேண்டும்.

அலுமாரி வரை போனேன். திறப்பைப் பூட்டுக்குள் விட்டும் விட்டேன். நான்கு கட்டியை எடுத்து வெளியே வைத்தால் என்ன என்று மனத்துக்குள் பேரம் பேசிப் பார்த்தேன். கை திரும்பவில்லை. நாளைக்கு இல்லாமல் போனால்?

திறப்பை உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

"திங்கக்கிழமையிலை இருந்து துணுக்காய் அக்காட்டையே எடுக்கச் சொல்லி, சுமித்திராட்டைச் சொல்லுறன்," என்றேன்.

அவர் குசினிக்குள் போய்க் கான்களின் மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கிவிட்டு வந்தார். நான் சுமித்திராவோடு கதைத்து முடித்துவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன். அங்கே கிடந்த சவர்க்காரம் தேய்ந்து நகத்தளவாகியிருந்தது. அதைத்தான் மேலுக்குத் தேய்த்தேன்.