டிசம்பர் முடிவில் இருந்த ரொக்கம்

திராட்சைக் கொடிகளைக் கத்தரித்து, வெட்டிய இடத்தில் மது ஊற்றும் பிப்ரவரித் திருநாள் அது. சன்னலுக்கு வெளியே பனி ஓசையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. கொடிகளுக்கு ஊற்றியதைவிடத் தனக்கே அதிகம் ஊற்றிக்கொண்ட ரங்கெல், ரோஜா எண்ணெய் ஆலையின் ஆண்டறிக்கையைத் தமக்கை நெவ்யானாவின் மேசைமேல் விரித்தான். பங்குச்சந்தையில் பதிவான சிறு நிறுவனம் அது. பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அதற்குத்தான் பூக்கொடுத்தார்கள், இவர்கள் இருவரும்கூட.

“பேங்க் கடன் அம்பது லட்சம் லெவா. கையில ரொக்கம் நாப்பத்தெட்டு. கழிச்சுப் பாருக்கா, நிகரக் கடன் ரெண்டே லட்சம்! இவ்ளோ திடமான கம்பெனி எங்க கிடைக்கும்? தோட்டத்த வித்துட்டு இதுல பங்கு வாங்கிப் போடு. வாங்குற ஆளு நாளைக்கு வர்றாரு.”

“கழித்தல்னாலே உனக்குக் காய்ச்சல் வருமேடா!”

“இப்ப வர்றதில்ல. நீ சாகுற வரைக்கும் முள்ளு குத்திக்கிட்டே கிடக்கப்போறியா?”

அவளுக்கும் ஆசைதான். விடியலில் குனிந்து பூப்பறிக்க முழங்கால்கள் மறுத்து ஆண்டுகள் ஆகிவிட்டன. பங்கென்றால் குனிய வேண்டியதில்லை. அடுப்பின் வெப்பமும் மதுவும் சேர்ந்து அவளுடைய இமைகளை அழுத்தின. பனித்துகள்கள் மெல்லச் சிவந்து இதழ்களாயின. மூடுபனிக்குள் மூட்டைகள் நடந்தன, சுமந்தவர்கள் தென்படவில்லை. ஆலை வாசலில் தராசு நின்றது. தன் மூட்டையை அதில் வைத்துவிட்டு அவள் கையை நீட்டினாள். எடை போட்டவர் சிரித்தார். “பணமா? புது வருஷம் பொறக்கட்டும்மா.” அந்தக் கை நீட்டியபடியே இருந்தது, அதன்மேல் இதழ்கள் விழுந்துகொண்டேயிருந்தன.

கண்ணைத் திறந்தபோதும் கை நீண்டுதான் இருந்தது.

“ரங்கெல், போன வருஷப் பூவுக்கு உனக்கு எப்ப காசு வந்துச்சு?”

“ஜனவரிலதான். எல்லாருக்கும் அப்பதானே குடுத்தாங்க. ஏன்?”

“இந்தக் கணக்கு எந்த நாளோடது?”

“டிசம்பர் கடைசி...” அவன் நிறுத்தினான். பிறகு பக்கங்களை அவசரமாகப் புரட்டினான். வேறொரு வரியில் அது இருந்தது: பூ விவசாயிகளுக்குத் தர வேண்டியது, நாற்பது லட்சம். கடனாக வாங்கிய பணம் அல்ல என்பதால் நிகரக் கடனில் அது சேரவில்லை.

“அப்போ ஜனவரில மிஞ்சினது எட்டு லட்சம்தான்,” என்றான் அவன், குரல் தாழ்ந்து. “நிகரக் கடன் நாப்பத்திரெண்டு. நம்ம காசையே காட்டி நம்மள மயக்கிட்டாங்களேக்கா!”

“அவங்க எதையும் மறைக்கலடா. எழுதித்தான் வச்சிருக்காங்க. நீதான் பக்கத்தத் திருப்பல.”

“நீ மட்டும் திருப்பினியா? தூங்கிக்கிட்டில்ல இருந்த!”

நெவ்யானா சிரித்துவிட்டாள். முழங்காலைத் தேய்த்தபடி எழுந்து சன்னலருகே போனாள். வெள்ளைக்கு அடியில் செடிகள் கிடந்தன, மே மாதம்வரை எழ விருப்பமில்லாதவைபோல.

“அந்த ஆளுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லு. அப்புறம், பூப்பறிக்க இந்த வருஷம் கூட ரெண்டு பேரப் பாரு. என்னால குனிய முடியாது.”