விளம்பரம் நின்றுபோன வீடு

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்கவே கூடாது. செங்கல்பட்டில் என் நண்பர் ஒருவர் இணைய இதழ் நடத்துகிறார். "விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இணையம் பார்ப்பது எப்படி என்று ஒரு கட்டுரை கொடு. உபயோகமாக இருக்கட்டும்" என்றார். நான் இதுவரை உபயோகமாக எதையும் எழுதியதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்டார், நானும் ஒப்புக்கொண்டேன். கட்டுரை இப்படித் தொடங்கியது:

இன்றைய உலகில் இணையம் இல்லாமல் எவரும்

சீச்சீ. 'இன்றைய உலகில்' என்று ஆரம்பித்தால் என் அம்மாகூடப் படிக்க மாட்டாள். அடுத்தது:

சாம்பார் வைப்பது எப்படி என்று தேடிப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பருப்பு ஊறுவதற்குள் ஒரு கார் குறுக்கே வந்து நிற்கிறது. அதை மூடினால் கடன் அட்டை. மூடுகிற பெருக்கல் குறியோ எறும்புத் தலை அளவு. அதைக் குறிபார்த்துத் தொடும் நேரத்தில் பக்கம் நழுவி, விரல் காரின் மேலேயே

இது பரவாயில்லை. ஆனால் சாம்பார் வைக்கிற அந்த ஆள் யார்? ஓர் ஆள் இருந்தால் கட்டுரைக்குக் கொஞ்சம் உயிர் வருமே என்று தேடினேன். சங்கரி வந்தாள். வந்தவள் என் கட்டுரையை ஒழித்துக்கட்டிவிட்டாள்.

2.

சங்கரிக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது படாளம், வாழ்க்கைப்பட்டது திருப்போரூர். அங்கே ஓர் இணையச் சேவைக் கடையில், வருகிறவர்களுக்குப் பட்டாவும் ஹால் டிக்கெட்டும் எடுத்துக் கொடுக்கிறாள். ஒரே பக்கத்தில் பச்சைப் பச்சையாக நாலு 'டவுன்லோட்' பொத்தான் இருந்தால், அதில் மூன்று பொய், ஒன்றுதான் நிஜம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அவள் கணவர் செங்கல்வராயன். ஓ.எம்.ஆரில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் மோட்டார் ரூம் ஆபரேட்டர். நல்ல மனுஷன். ஒரே குறை, வாயைத் திறக்க மாட்டார். தனக்கு இது வேண்டும் என்று அவர் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. குழம்பில் உப்பு இல்லை என்றாலும் சொல்ல மாட்டார், மோர் ஊற்றிக்கொள்வார்.

ஆனால் சங்கரிக்கு அவர் மனம் அத்துப்படி. அந்தத் தெருவே சொல்லும். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் இருவரும் பஸ் ஏறி மாமல்லபுரம் போவார்கள். கடற்கரை மணலில் உட்கார்ந்ததும் சங்கரி பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுப்பாள். பிரித்தால், அவர் எதை நினைத்துக்கொண்டிருந்தாரோ அது இருக்கும். ஒரு வருஷம் அகலப் பாதத்துக்கான செருப்பு. ஒரு வருஷம் தூண்டில். ஒரு வருஷம், வேடந்தாங்கலில் பறவை பார்க்க பைனாகுலர். "உனுக்கு எப்டித் தெரிஞ்சுது?" என்று அவர் கேட்பார். "இத்தினி வருசமா குடும்பம் நடத்தறேன், இதுகூடவா தெரியாது?" என்பாள் சங்கரி.

எப்படித் தெரிந்தது என்று நான் சொல்கிறேன். மகள் சுஷ்மிதா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. மகள் வேலைக்காக ஓசூர் போய்விட்டாள், லேப்டாப் மிச்சம். செங்கல்வராயனிடம் இருப்பது பட்டன் போன். ஆகவே எதைத் தேடினாலும் அந்த லேப்டாப்பில்தான் தேடுவார். அவர் செருப்பைத் தேடினால், மறுநாள் சங்கரி கோலம் பார்க்கப் போகிற பக்கத்தில் எல்லாம் செருப்பு வந்து நிற்கும். தூண்டிலைத் தேடினால் ராசிபலனுக்கு நடுவே தூண்டில். அவ்வளவுதான் சங்கதி. ஆறு வருஷமாக அந்த வீட்டில் கணவனின் மனதை மனைவிக்குச் சொன்னது விளம்பரம்.*

* அதற்கு முந்தைய இருபது கல்யாண நாள்களுக்கு? சட்டை. இருபதும் சட்டை.

[ஹிஸ்டரியைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று ஒரு வாசகர் கேட்பது காதில் விழுகிறது. சங்கரி அப்படிப்பட்டவள் இல்லை ஐயா. தெருவில் கூவிக்கொண்டு போகிறவன் சொல்வதைக் கேட்பது வேறு, அடுத்தவர் பெட்டியைத் திறப்பது வேறு. புருஷனாக இருந்தாலும் அடுத்தவர்தான்.]

3.

இனி வில்லன். ஒரு கதைக்கு வில்லன் வேண்டும் என்பதால் நிதினை வரவழைத்தேன். சங்கரியின் அக்கா மகன், ஊரப்பாக்கத்தில் இருந்துகொண்டு ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவன். பிரச்சினை என்னவென்றால், தங்கமான பையன். வில்லத்தனம் துளியும் ஒட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட வந்தவன் லேப்டாப்பைத் திறந்தான்.

"இன்னா சித்தி, இவ்ளோ குப்ப கீது? எப்டி இத்த வெச்சினு ஓட்டற?"

"அது பாட்டுக்கு கீது, வுடு."

"ஒரு ஆட் பிளாக்கர் போட்டுத் தரேன், பாரு. ரெண்டே நிமிசம்."

ரெண்டே நிமிஷம்தான் ஆனது. கோலப் பக்கத்தைத் திறந்தால் கோலம் மட்டும் இருந்தது. வீடியோ போட்டால் போட்ட உடனே ஓடியது. தானாகக் கத்துகிறவன் இல்லை, குறுக்கே விழுகிறவன் இல்லை. மதியம் முழுக்கச் சங்கரி அதையே தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பூரித்தாள். என் கட்டுரைக்கு வேண்டியது இந்த ஒரு பத்திதான். இங்கேயே நிறுத்தியிருந்தால் நண்பரும் சந்தோஷப்பட்டிருப்பார்.

[இந்த இடத்தில் ஒரு விளம்பரம் வரும். தெரியவில்லை என்றால் நீங்களும் நிதின் கட்சி. தப்பில்லை. ஆனால் இதழ் நடத்துகிற நண்பர் பாவம், அவருடைய டீச்செலவு அதில்தான் ஓடுகிறது.]

4.

பதினெட்டு நாளில் கல்யாண நாள். சங்கரி லேப்டாப்பைத் திறந்தாள். திரை வெள்ளை வெளேர் என்று இருந்தது. ராசிபலனில் ராசிபலன் மட்டும் இருந்தது. அவளுக்குச் சுரீர் என்றது.

தடுப்பானை அணைத்துவிடலாம், ஒரு தட்டில் முடிகிற வேலை. கடையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அதுகூடவா தெரியாது? கைகூடப் போயிற்று. போன கை நின்றுவிட்டது. தானாக வந்ததைப் பார்த்தவரைக்கும் சரி. இப்போது வேண்டுமென்றே திறந்தால் அது வேவு பார்ப்பதுதானே? அதோடு, ஆறு வருஷம் தெரு முழுக்கப் பாராட்டியதில் அவளே கொஞ்சம் நம்பிவிட்டிருந்தாள். 'ஏன், நானா கண்டுபுடிக்க மாட்டனா?' என்று வீம்பாக எழுந்துவிட்டாள்.

கண்டுபிடிக்க என்ன இருந்தது? செங்கல்வராயன் அந்த நாள்களில் டிவியில் பாட்டுச் சானலை வைத்து, சுவர் அதிர வால்யூமைக் கூட்டினார். சாப்பிடக் கூப்பிட்டால் வர மாட்டார். மூன்றாவது தடவை சங்கரி வாசற்படியில் நின்று, "காது கேக்குதா இல்லியா?" என்று கத்துவாள். அப்போது மட்டும் திரும்பிப் பார்ப்பார். பார்க்கிற பார்வையில் ஒரு வலி இருக்கும். சங்கரிக்கு அது திமிராகத் தெரிந்தது.

மனுஷனுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது, அவள் வந்த முடிவு இதுதான். டிவியோடு இணைத்துக் காதில் செருகிக்கொள்கிற வயரில்லாத இயர்போன் ஒன்றை வாங்கினாள். அவருக்குப் பாட்டு, வீட்டுக்கு அமைதி. தன் சாமர்த்தியத்தை அவளே மெச்சிக்கொண்டாள்.

5.

இந்த இடத்தில் எனக்குச் செங்கல்வராயன் மேல் சந்தேகம் வந்தது. எழுதுகிற எனக்கே தெரியாமல் அந்த ஆள் என்னவோ செய்கிறார். அவர் தேடியதையெல்லாம் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். [நான் பார்க்கலாம். எனக்குச் சங்கரியின் நாகரிகம் கிடையாது.]

ஐந்து வருஷத்துக்கு முன்: ஆண்கள் செருப்பு அகலக் கால் பத்தாம் நம்பர் காப்பிக் கலர்.

சும்மா பார்க்கிறவர் எவராவது கலர் வரைக்கும் டைப் செய்வாரா?

இந்த மாதம்: காது கேட்கும் மிஷின். காது கேட்கும் மிஷின் விலை. காது கேட்கும் மிஷின் ஆண்கள் வெளியே தெரியாத மாதிரி. ஒரு நாள் விடாமல், பதினெட்டு நாளும்.

மோட்டார் ரூமில் இருபது வருஷம். காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. மனுஷன் அதைத்தான் தேடியிருக்கிறார். நான் யோசித்துப் பார்த்தேன். ஒருவேளை, தனக்குத் தானே தேடிக்கொண்டார். மனைவிக்கு இது தெரியவே கூடாது என்று நினைத்தார். அல்லது

அந்த 'அல்லது'வுக்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல், கொளவாய் ஏரிப் பக்கம் போய் ரெண்டு டீ குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வருவதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

6.

மாமல்லபுரம், சாயங்காலம். அலை இரைச்சல். போட்டோ எடுக்கிற கூட்டம், ஐஸ் வண்டி, குதிரை சவாரிக்காரர். இருவரும் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார்கள். சங்கரி பொட்டலத்தை நீட்டினாள். அவர் பிரித்தார். குட்டி டப்பா. உள்ளே வெள்ளை வெள்ளையாக ரெண்டு.

செங்கல்வராயனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனுக்குத் தெரியும், நீ வாங்கினு வந்துடுவேன்னு. இருந்தாலும் இத்தினி நாளா ஒண்ணுமே சொல்லலியேன்னு பயந்துகினு இருந்தேன்" என்றார். அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

இரண்டையும் காதில் பொருத்திக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்ப பேசு."

"இன்னா பேசறது?" என்றாள் சங்கரி.

அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. இன்னும் அழுத்திச் செருகினார். "மறுக்கா பேசு."

"அய்ய, இன்னா பேசணும்ங்கற? பாட்டு கேக்கத்தான வாங்கினேன்?"

உதடு அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த காதையும் அந்த இரண்டும் அடைத்துவிட்டிருந்தன.

"சார்ஜ் இல்லியா, இன்னா? ஒண்ணும் கேக்கலியே. மோட்டார் சத்தத்துல காது போயிடிச்சி சங்கரி. அதான் தெனம் தேடிகினே இருந்தேன்." கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ பாப்பேன்னு."

இந்த வரியை நான் எழுதவில்லை. சத்தியமாக. அந்த ஆளே சொன்னது. செருப்பின் கலர் ஏன் என்று இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. வாயால் கேட்கத் தெரியாத மனுஷன் ஆறு வருஷமாக அந்தத் தேடல் பெட்டியில் மனைவிக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அவளும் தவறாமல் படித்துவிட்டு, படிக்காத மாதிரி பொட்டலம் கட்டியிருக்கிறாள். கடைசிப் பதினெட்டுக் கடிதமும் வந்து சேரவில்லை.

சங்கரிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் தேடுவதைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே பேசாமல் இருந்தாள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருப்பார்? அதன் மேல் தினமும் வாசற்படியில் நின்று, காது கேக்குதா இல்லியா, காது கேக்குதா இல்லியா. அடக் கடவுளே! அந்தப் பார்வை திமிர் இல்லை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

7.

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சார்ஜ் இல்லை என்று சைகை செய்கிறாள். வீட்டுக்குப் போய்த் தடுப்பானை அணைக்கிறாள். திரை முழுக்கக் காது மிஷின். நல்லதாக ஒன்று வாங்கி மாட்டிவிடுகிறாள். அவர் உள்பட யாருக்கும் எதுவும் தெரியாது. தெருவில் அவள் பெயர் நிலைக்கும். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் தினமும் தன்னைக் குத்திக்காட்டினாள் என்ற எண்ணம் அவருக்குள் அப்படியே இருக்கும்.

இரண்டாவது: எல்லாவற்றையும் போனில் டைப் செய்து அவர் முன் நீட்டுகிறாள். இதுதான் சுலபம். நானும் அரைப் பக்கம் எழுதிவிட்டேன். பிறகு அடித்தேன். இத்தனை காலமும் இவர்கள் செய்தது அதுதானே? டைப் செய்து டைப் செய்துதானே இந்த நிலைமை?

மூன்றாவது: வாயால் சொல்வது. எனக்கு உன் மனம் என்றைக்குமே தெரிந்ததில்லை, விளம்பரம்தான் சொன்னது, இந்தத் தடவை அதுவும் வரவில்லை என்று சொல்வது. அதையும், அலை இரைச்சலில், காது அடைத்த மனுஷனிடம், கத்திச் சொல்வது.

சங்கரி என்னைக் கேட்கவில்லை. எழுந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"யோவ்! எனுக்கு ஒண்ணும் தெரியாதுயா! எதுவுமே வரல! நான் பாக்கவே இல்ல! வாயத் தொறந்து சொல்லுய்யா, நான் கேக்கறேன்!"

ஐஸ் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். குதிரை திரும்பிப் பார்த்தது. போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் செல்போனை இறக்கினார்கள்.

செங்கல்வராயன் அவள் முகத்தையே பார்த்தார்.

"இன்னா?" என்றார்.

இதற்கு மேல் என்னால் முடியாது. ஆச்சரியக்குறியை மூன்றாக்கினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். என்ன செய்தாலும் எழுத்துக்குச் சத்தம் வருவதாக இல்லை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார். வாய் இருப்பது உங்களிடம்தான். அவள் சொன்னதை நீங்கள் ஒருமுறை அவருக்குச் சொல்ல வேண்டும். மனதுக்குள் படித்தால் கேட்காது. முதலில் அவர் காதிலிருந்து அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். பிறகு, பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, சத்தமாக.