முள்ளை வெட்டியது யார்

“வண்டி டிக்கியைத் தொறங்க மாமா.”

மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வாயிலிருந்து எடுக்கவில்லை. காதில் விழாதது மாதிரி இன்னொரு மடக்குக் குடித்தார்.

மாமாவிடம் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அப்பா போன பிறகு சித்தையன் மாமாதான் எங்களை ஹனூர்ப் பக்கத்துக் காட்டோர ஊரிலிருந்து மைசூருக்குக் கூட்டி வந்தார். விஜயநகரில் அவர் கட்டிய வீட்டு மாடியில் குடிவைத்தார். என்னைக் காலேஜில் சேர்த்ததும் அவர்தான். எங்கள் சொந்தத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் அவர்தான் ஊரில் சொல்லித் திரிகிறார். “எங்கண்ணன்கிட்ட எதை வேணாலும் வாங்கிக்க. எங்க போனீங்க, என்ன பண்ணுனீங்கன்னு மட்டும் கேட்றாதே கண்ணு” என்று அம்மா சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற இந்த நாள்வரை நானும் கேட்டதில்லை.

“எதுக்கு அம்மிணி?” என்றார்.

“ராகியை இதுலதான் கொண்டு போனீங்களான்னு பாக்கணும்.”

“டிகிரி படிச்சா போலீசு வேலையும் சேத்துக் குடுத்துர்றாங்களா?”

“சாவியைக் குடுங்க.”

ராகி எங்கள் நாய். களி உருண்டையின் நிறம். மைசூர் ஹெப்பாளில், எங்கள் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் குட்டியாகக் கிடந்ததைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தேன். ஒல்லியாகவே வளர்ந்தது. வீரமெல்லாம் கிடையாது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பூனை சீறினால் எனக்குப் பின்னால் ஒளியும்.

அந்த நாய்தான் முள்ளம்பன்றியோடு சண்டைக்குப் போனதாம்.

டிரெயினிங்குக்கு பெங்களூர் போயிருந்த நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தேன். ராகி கேட்டுக்கு ஓடி வரவில்லை. கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. மூஞ்சி வீங்கி, வலது கண் மூடிக்கொண்டு, தாடையெல்லாம் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மூக்கைச் சுற்றி அடிக்கட்டை மாதிரி சிலது நீட்டிக்கொண்டிருந்தன.

“கேட்டைத் தாண்டிக் குதிச்சு, லேஅவுட்டுக்குப் பின்னால புதருக்குள்ள போயிருச்சு. முள்ளம்பன்னி அடிச்சுப் போடுச்சு. அண்ணன்தான் பாத்து முள்ளைப் புடுங்கிவிட்டாரு” என்றாள் அம்மா.

கொஞ்ச நேரம் கழித்து மாமா மேலே வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். “கேட்டைத் தாண்டிக் குதிச்சு, லேஅவுட்டுக்குப் பின்னால புதருக்குள்ள போயிருச்சு அம்மிணி.” நடந்ததை ரெண்டு பேர் சொன்னால் ரெண்டு விதமாகத்தான் இருக்கும். ஒப்பித்தால்தான் ஒரே மாதிரி வரும்.

அம்மா வைத்த சோற்றை ராகி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. வாய் வலி என்றாள் அம்மா. நான் தயிர்சாதத்தைக் கரைத்து உள்ளங்கையில் நீட்டினேன். மெதுவாக நக்கியது.

மறுநாள் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். சுலோசனா டாக்டர் மயக்க ஊசி போட்டு, விளக்கை இழுத்து வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். பாதியில் நிறுத்திவிட்டுக் கன்னடத்தில் கேட்டார்.

“யாரம்மா இதை வெட்டினது?”

“வெட்டலியே. பிடுங்கினதா வீட்டுல சொன்னாங்க.”

“கொஞ்சம் பிடுங்கியிருக்காங்க. மிச்சத்தைக் கத்தரிச்சிருக்காங்க. இதோ பாரு, எல்லாம் ஒரே உயரம்.” ஒரு கட்டையை என் கையில் வைத்தார். “முள்ளை வெட்டினா உள்ள இருக்கற காத்து இறங்கி லூசாயிடும்னு காட்டுப்பக்கம் ஒரு நம்பிக்கை. அப்படியெல்லாம் ஆகாது. பிடிச்சு இழுக்க நுனி இல்லாம போகும், பிளந்து உள்ளயே நின்னுடும். டவுன்ல யாருக்கும் இந்தப் புத்தி வராது. அலறிக்கிட்டு நேரா இங்கதான் தூக்கிட்டு வருவாங்க.”

எங்கள் வீட்டில் வேட்டைக்குப் போய்ப் பழகிய ஆள் ஒருத்தர்தான். எனக்கு மாமாவின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

“கண்ணுக்குக் கீழ ஒண்ணு இருக்கோன்னு எனக்குச் சந்தேகம்” என்றார் டாக்டர். “முள்ளு குத்தின இடத்துலயே நிக்காது, உள்ளயே நகரும். எக்ஸ்ரேயிலயும் தெரியாது. எது முழுசா வந்துச்சு, எது ஒடிஞ்சுது, எந்தப் பக்கமா சாஞ்சு குத்தியிருந்துச்சுன்னு வெட்டின ஆளுக்குத்தான் தெரியும். கேட்டுட்டு நாளைக்குக் காலைல கூட்டிட்டு வா. தெரியாம கிழிச்சுத் தேடினா கண்ணு போனாலும் போகும். தேடாம விட்டாலும் அதே கதிதான்.”

வீட்டுக்கு வந்து ராகியை மடியில் போட்டுத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க சந்தேகம் கூடிக்கொண்டே போனது. காதுக்குள் செம்மண் அப்பியிருந்தது. எங்கள் லேஅவுட்டுக்குப் பின்னால் இருப்பது வீடு கட்டி மிச்சமான ஜல்லியும் சிமெண்டுத் தூளும்தான். வயிற்று முடியில் புகை வாசம் அடித்தது. அடுப்புப் புகை இல்லை, பச்சைத் தழையைக் கொளுத்திய புகை.

அப்புறம் மாமாவின் கார். சர்வீஸுக்கு விட்டுக் கழுவுகிற ஆள், இந்தத் தடவை வீட்டிலேயே கழுவியிருந்தார். மிதியடிகள் காம்பவுண்ட் சுவரில் காய்ந்தன. அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டு வந்தேன் என்றார். மலைக்குப் போனால் லட்டும் விபூதியும் இல்லாமல் அவர் வீடு திரும்பியதே கிடையாது. முதலில் எனக்குத்தான் பூசிவிடுவார். இந்தத் தடவை பூஜை அலமாரியில் போன மாதத்து விபூதிதான் இருந்தது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

மாமா சாவியைத் தூக்கிப் போட்டார். என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டேன்.

டிக்கி சுத்தமாக இருந்தது. பினாயில் வாசனை. ஸ்டெப்னியைத் தூக்கினேன். அடியில் கழுவ மறந்திருந்தார். செம்மண், களி நிற முடி, நெற்றியில் கட்டுகிற டார்ச் லைட், ஒரு கட்டிங் பிளேயர். கறுப்பும் வெள்ளையுமாக வெட்டிய முள்ளின் தலைகள்.

ஒன்றை எடுத்து அவர் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“சரி. கூட்டிட்டுப் போனேன். இப்ப என்னங்கறே?” என்றார். “ஊர்ல நம்ம தோட்டத்து நாயி உடம்பு பெருத்துப் போச்சு. பொந்துல நொழையாது. இது ஒல்லி.”

“இது உள்ள போச்சா? குக்கர் சத்தத்துக்குப் பயப்படற நாயி?”

“போகலே. தள்ளிவிட்டோம்.”

அதை அவர் ஒரு வேலையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

“நானும் தோட்டத்துக்காரனும் மத்த பொந்தையெல்லாம் கல்லு வெச்சு அடைச்சிட்டு, ஒண்ணுல புகை போட்டோம். அந்தச் சனியன் முன்னால ஓடும்னு பாத்தா, முள்ளை விரிச்சுக்கிட்டு அப்படியே பின்பக்கமா வந்து இடிச்சுப் போடுச்சு. நாங்க என்ன கனவா கண்டோம்?”

“எந்த முள்ளு ஒடிஞ்சுது?”

“இப்ப அதுவா முக்கியம்?”

“மாமா. கண்ணுக்குக் கீழ குத்துனது முழுசா வந்துச்சா, ஒடிஞ்சுதா?”

முதல் தடவையாக டம்ளரைக் கீழே வைத்தார். தன் வலது கன்னத்தில் விரலை வைத்துக் காட்டினார். “இங்க ரெண்டு. ஒண்ணு வந்திருச்சு. இன்னொண்ணை வெட்டுனேன், இழுக்கறப்ப பிளந்து போச்சு. நுனி மூக்குப் பக்கமாப் பாத்து இருந்துச்சு. தடவுனா கைக்குத் தட்டுப்பட்டுது, அப்புறம் காணலே. நானும் எவ்வளவோ நோண்டிப் பாத்தேன் அம்மிணி. கத்துச்சு. விட்டுட்டேன்.”

கத்துச்சு. விட்டுட்டேன். எனக்கு அவர் கன்னத்தில் ஒரு முள்ளை இறக்கி, வெட்டி, இழுத்துப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

“டாக்டர் அம்மாகிட்ட நம்ம லேஅவுட்டுலன்னே சொல்லு. பாரஸ்ட்டுக்காரன் காதுக்குப் போனா என்னைத் தூக்கி உள்ள போட்டுருவான். புரியுதா?”

“கறி அவ்வளவு ருசியா மாமா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், மாடிப்படியைப் பார்த்தார். “கறிக்குத்தான் போனேன்னு நெனைச்சியா? கறியைத் தோட்டத்துக்காரனுக்கே குடுத்துட்டு வந்துட்டேன். எதுக்குப் போனேன்னு உங்கம்மாளைக் கேளு.”

திரும்பினேன். அம்மா மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மூச்சு வாங்கியது. அவளுக்கு மூச்சிழுப்பு வந்து நாலைந்து வருஷம் இருக்கும். பனிக்காலத்தில் உட்கார்ந்துகொண்டேதான் தூங்குவாள்.

அவளைத் தாண்டி மேலே ஏறினேன். சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் சின்ன முறம் ஒன்று சாய்ந்திருந்தது. மேலே பழைய ரவிக்கைத் துணி. தூக்கினேன். வற்றிச் சுருங்கிய தோல்பை மாதிரி ஒன்று, மஞ்சள் தடவியது. ஒரு ஓரம் வெட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் தேன் பாட்டில். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். முள்ளம்பன்றி இரைப்பையைக் காயவைத்து, பொடித்து, தேனில் குழைத்துத் தின்றால் இழுப்பு நின்றுவிடும். தின்ற ஒவ்வொருத்தரையும் எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் நின்றதில்லை.

“ஒரு மண்டலம் தின்னா வேரோட போயிரும்னாங்க கண்ணு” என்றாள் அம்மா, வாசற்படியைப் பிடித்துக்கொண்டு.

“நான் வாங்கிக் குடுத்த இன்ஹேலர் எங்கே?”

அலமாரியைக் காட்டினாள். அட்டைப்பெட்டி பிரிக்காமல் இருந்தது. குங்குமச் சிமிழ் அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

“அது பழகிப் போயிரும். நம்மூருப் பசம்மா அதை அடிச்சு அடிச்சு, இப்ப அது இல்லாம கக்கூஸ் வரைக்கும்கூட நடக்க முடியறதில்ல.”

“அது இருக்கறதாலதான் அவங்க கக்கூஸ் வரைக்குமாவது நடக்கறாங்க.”

“உனக்கு எல்லாம் கிண்டல்தான். உனக்கு ஒரு நல்லது பாக்கற வரைக்கும் மூச்சு இருக்கணுமேன்னு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.”

இந்த இடத்தில் வழக்கமாக நான் வாயை மூடிக்கொள்வேன். என் கல்யாணம், அவள் மூச்சு, மாமா செய்த நல்லது. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துப் போட்டால் நான் அடங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று எனக்கு இன்னொரு சந்தேகம் பாக்கி இருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்தே அது இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் பார்க்க எனக்குத்தான் மனசு வரவில்லை.

“ராகி மாமா கார்ல ஏறாது. கார்க்கதவு தொறந்தாலே ஓடிரும். யாரு ஏத்துனது?”

அம்மா முறத்தைத் துணியால் மூடினாள். நன்றாக இழுத்து, நாலு மூலையும் சேர்கிற மாதிரி.

“அம்மா.”

“ஒரு நாயிக்காகப் பெத்தவளை நிக்கவெச்சுக் கேக்கறியே.”

“யாரு ஏத்துனது?”

“நான்தான் தூக்கி வெச்சேன்” என்றாள். “மட்டன் எலும்பைக் காட்டி. என் கை பட்டாத்தானே அது சும்மா இருக்கும்.”

கட்டிலுக்கு அடியிலிருந்து ராகி எங்களைப் பார்த்தது, திறந்திருக்கிற ஒரு கண்ணால். அம்மா அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தாள். அது சத்தமில்லாமல் சுவர் ஓரத்துக்கு நகர்ந்தது. இதுவா வாய் வலி.

“நெசமாலுமே இப்படி ஆகும்னு தெரியாது கண்ணு. போய்ட்டு வந்துரும்னு அண்ணன் சொன்னாரு.”

எனக்கு அவள்மேல் கோபம் என்று சொன்னால் போதாது. மாமாவை நான் சந்தேகப்பட்டேன், அது சுலபம். அவர் ஆம்பளை, வேட்டைக்காரர், ஊரே அண்ணாந்து பார்க்கிற ஆள். அம்மாவை நான் எந்தப் பட்டியலிலும் வைத்திருக்கவில்லை. அவள்தான் என்னை எதையும் கேட்காதே என்று வளர்த்தவள். அந்தச் சட்டம் மாமாவைக் காப்பாற்றப் போட்டது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனை எடுத்து ரூபாவைக் கூப்பிட்டேன். என்னோடு வேலை செய்கிறவள். ஹெப்பாளில் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தனியாக இருக்கிறாள்.

“உன் வீட்டுல நானும் ராகியும் தங்கலாமா? வேற இடம் கெடைக்கிற வரைக்கும்.”

“இவத்தேயா?” என்றாள். இன்னைக்கேவா என்று அர்த்தம்.

“இன்னைக்கேதான்.”

“வா. நாய் கடிக்குமா?”

“இப்ப அதுக்கு வாயே தொறக்காது.”

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். நான் கன்னடத்தில் பேசினாலும் அவளுக்குப் புரியும். கட்டிலில் உட்கார்ந்து, தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இழுத்து இழுத்து மூச்சு விட்டாள். இன்ஹேலர் பெட்டியைப் பிரித்து, மூடியைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். எப்படி அடிக்கணும் என்று சொன்னேன். முன்னாலேயும் சொல்லியிருக்கிறேன். அடித்தாளா என்று நான் நின்று பார்க்கவில்லை.

ரெண்டு செட் துணியையும் ராகியின் மாத்திரைகளையும் ஆபீஸ் பையில் திணித்தேன். பையை முதுகில் மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். அது என்னை முகர்ந்து பார்த்தது, கையை, மணிக்கட்டை. நான்தான் என்று தெரிகிறவரைக்கும் முகர்ந்தது. அப்புறம்தான் தூக்கவிட்டது.

கேட்டருகே மாமா எழுந்து நின்றார். “டாக்டரம்மா கேட்டா என்ன சொல்லுவே?”

“நடந்ததைச் சொல்லுவேன். பொந்து, புகை, யாரு தள்ளுனது, யாரு வெட்டுனது. நுனி மூக்குப் பக்கம் பாத்து இருந்துச்சுன்னு சொல்லணும்ல, அப்ப மத்ததும் கூடவேதான் வரும்.”

“அதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சனா?”

“கேட்டைத் தொறங்க மாமா. எனக்குக் கை ஒழியலே.”

அவர் திறக்கவில்லை. நான் முழங்காலால் தள்ளித் திறந்தேன். மேலே மாடியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது, மூச்சு வாங்கி வாங்கி.

“மத்தியானம் சோத்துக்கு வந்துருவியல்ல?”

“எனக்கு வடிக்க வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, ராகியின் வீங்கிய பக்கம் என் தோளில் படாமல் திருப்பிப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ நிற்கிற முனையைப் பார்த்து நடந்தேன்.