லாயர் மேப்ரிக்கு ஒன்றரை மணி

ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் பேச வேண்டும் என்று லாயரின் இறுதி ஆராதனை நிகழ்ச்சி நிரலில் அச்சடித்தது ஓர்லீன் டிஸ்டேல்தான். லாயர் அலோன்சோ மேப்ரியின் அலுவலகத்தில் நாற்பத்தோரு வருடம் தட்டச்சு செய்தவள். அலபாமாவில் அந்தச் சின்ன ஊரின் கறுப்பர்களுடைய பாப்டிஸ்ட் சபை அவளுக்குப் புதிதல்ல. அங்கே இரண்டு நிமிடத்தில் யாரும் தொண்டையைக்கூடச் செருமி முடித்ததில்லை. தெரிந்தும் அச்சடித்தாள், அதை நம்பி நேரமும் குறித்தாள்.

முதலில் பேசியவர் பதினாலு நிமிடம் எடுத்துக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் வெள்ளைக்காரருக்கு மட்டுமான காபிக்கடையில் உட்கார்ந்ததற்காகத் தன்னை உள்ளே போட்டதையும், லாயர் வந்து மீட்டதையும் சொன்னார். அன்று கண்ணாடிப் பெட்டிக்குள் என்னென்ன பலகாரம் இருந்தது என்பதையும் விட்டுவைக்கவில்லை. அடுத்து, பறிபோன வேலை லாயரால் திரும்பக் கிடைத்த ஒரு டீச்சர். அதற்கடுத்து, ஓட்டுரிமை கிடைத்த ஒரு பஞ்சுமில் தொழிலாளி. எல்லாம் உண்மை, ஒருவரையும் குறை சொல்ல முடியாது. அதற்குள் மணி பன்னிரண்டே முக்கால்.

ராணுவக் கல்லறைக்குப் போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே ஒன்றரையிலிருந்து இரண்டு வரைதான் லாயருக்கு நேரம். இரண்டு மணி அடித்தால் சிப்பாய்கள் அடுத்த சவத்துக்குப் போய்விடுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்தில், இத்தாலிப் போர்முனையில் காலில் குண்டு வாங்கித் திரும்பியிருந்த மேப்ரி, முகாமுக்குள் ஓடும் பேருந்தில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய பின் இருக்கைக்குப் போக மாட்டேன் என்றார். ராணுவத்துக்கு லாயக்கற்றவர் என்று நீலத் தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தத் தாளால், போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு தந்த படிப்புச் சலுகை போயிற்று. ஹோட்டலில் தட்டு கழுவித்தான் சட்டம் படித்தார். ஊரார் வழக்கையெல்லாம் ஜெயித்தவர், அந்தத் தாளை மாற்றக் கேட்ட சொந்த வழக்கில் பதினேழு மனு போட்டுப் பதினேழிலும் தோற்றார். பெரும்பாலானவற்றைத் தட்டச்சு செய்து கொடுத்தது ஓர்லீன். பதினெட்டாவதுக்குப் போன மாதம் பதில் வந்தது. 'லாயக்கற்றவர்' போய் 'கௌரவமாக விடுவிக்கப்பட்டவர்' என்று மாறியிருந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி கிடையாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை மூன்று தரம் படித்தார்.

"என்னை ராணுவக் கல்லறையில கொடி மரியாதையோட புதைக்கச் சொல்லு, ஓர்லீன். அந்தக் கொடிய அவங்க கையாலயே மடிக்கணும்" என்றார். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

ஓர்லீன் எழுந்து மேடையோரம் போனாள். லாயரின் அண்ணன் மகன் குளோவிஸ்தான் சபையின் பாஸ்டர், இருக்கிற ஒரே சொந்தமும் அவர்தான்.

"பாஸ்டர், நேரமாச்சு. பெட்டிய எடுக்கணும்" என்று காதோரம் சொன்னாள்.

"ஜனங்க மனசு விட்டுப் பேசுறாங்க, மிஸ் ஓர்லீன். நடுவுல எப்படி நிறுத்துறது?"

"அங்க நமக்காகக் காத்துக்கிட்டு இருக்க மாட்டாங்க."

"காத்திருக்கலைன்னா போகட்டும். சபைக்குப் பின்னாடி எங்கப்பா பக்கத்துலயே குழி வெட்டி வச்சிருக்கேன். சித்தப்பாவைக் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளின பட்டாளம் வந்துதான் மரியாதை பண்ணணுமா?"

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் ஓர்லீனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஆனால் கேட்டது லாயர், கிடைக்க அறுபது வருடம் பிடித்தது. அதை ஒரு பகல் பேச்சில் தொலைப்பதா?

வாசலருகே வெள்ளைக் கையுறையோடு நின்றார் ஹோஸியா பெட்டவே, சவ அடக்கக் கடை முதலாளி.

"ஹோஸியா, பெட்டி இப்ப யார் பொறுப்பு?"

"என் பொறுப்பு. எங்க புதைக்கணும்னு லாயர் உசுரோட இருக்கும்போதே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. அதுக்காக இத்தனை பேர் கண்ணு முன்னாடி எடுத்துட்டுப் போகச் சொல்றியா? எனக்கே என் கடைல ஒரு பெட்டி எடுக்க வேண்டி வரும்!"

"அன்பானவர்களே, கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர் மேடையிலிருந்து.

முந்நூறு தலைகள் கவிழ்ந்தன. குளோவிஸின் ஜெபம் ஆதாமில் தொடங்கி, எகிப்தைச் சுற்றிக்கொண்டுதான் அலபாமா வந்து சேரும். பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறைந்து யாரும் கேட்டதில்லை. நடுவில் கண் திறப்பது அந்தச் சபையில் பெரிய அவமரியாதை.

"இப்பத் தள்ளு" என்றாள் ஓர்லீன்.

"கர்த்தாவே, இந்தப் பொம்பளைய நீதான் பார்த்துக்கணும்" என்று முனகிக்கொண்டே பெட்டவே தன் ஆட்களுக்குச் சைகை காட்டினார். கொடி போர்த்திய பெட்டி சக்கரத்தில் நகர்ந்தது. ஆர்கன் வாசிக்கிற அம்மாள் மட்டும் பாஸ்டரின் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்பதால் கண்ணைத் திறந்திருந்தாள். பெட்டி பக்கவாட்டுக் கதவை நோக்கிப் போவதைப் பார்த்தாள். ஒரு கணம் திகைத்தாள். பிறகு சக்கரச் சத்தம் அமுங்கும்படி ஆர்கனை ஓங்கி அழுத்தினாள். ஜெபம் களைகட்டிவிட்டது என்று நினைத்து பாஸ்டரும் குரலை உயர்த்தினார்.

பின்னால் ஒரு காரும் வராத சவ ஊர்வலம் அது. கல்லறையை அடைந்தபோது ஒன்று முப்பத்தெட்டு. அங்கே இரண்டே சிப்பாய்கள்.

"குடும்பத்துக்காரங்க எங்க, மேடம்?" என்றான் இளம் சார்ஜென்ட்.

"ஜெபத்துல இருக்காங்க. நீங்க ஆரம்பிங்க."

ஒருவன் கொம்பு ஊதினான். பிறகு இருவரும் கொடியை விரித்துப் பிடித்து, ஒரு சுருக்கம் விழாமல் மடித்து மடித்து முக்கோணமாக்கினார்கள். அவர் போன அன்றுகூட அழாத ஓர்லீன் அழுதாள். பெருமையாக இருந்தது. அதைப் பார்க்க அவர் இல்லையே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

"நீங்க அவருக்கு என்ன உறவு, மேடம்?"

"உறவு இல்ல. அவர் சொல்லச் சொல்ல டைப் அடிச்சவ."

சார்ஜென்ட் சுற்றிலும் பார்த்தான். பெட்டவேயையும் அவர் ஆட்களையும் தவிர யாரும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் முன் மண்டியிட்டு, கொடியை அவள் மடியில் வைத்து, மனப்பாடமாய்ச் சொன்னான்: "இவர் நாட்டுக்குச் செஞ்ச சேவைக்காக ராணுவமும் ஜனாதிபதியும் இந்த தேசமும் நன்றிக்கடன் பட்டிருக்கோம்."

ஓர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைப்பையைத் திறந்து சுருக்கெழுத்து நோட்டை எடுத்து, ஒரு வெற்றுத்தாளைப் புரட்டி அவன் முன் நீட்டினாள்.

"நல்லா சொன்னீங்க, தம்பி. இப்ப சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அவன் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தான். ஓர்லீன் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"தேதியும் போடுங்க" என்றாள்.