பார்பரா வீட்டுக்கு வந்த கடிதங்கள்

மலேசியாவின் ஈப்போ நகரில் ஓர் ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்பவள் கிளாரிசா. நகரத்தில் எங்கே நோய் அதிகம் என்று அவள் தெருத்தெருவாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே வீட்டு எண்ணில் மார்பகப் புற்றுநோய் கண்ட பதினொரு பெண்கள் இருந்தார்கள். டாக்டர் பதறிவிட்டார். பரிசோதனை வண்டியை உடனே அந்தத் தெருவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். கிளாரிசாவுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது அவளுடைய பார்பரா பெரியம்மா வீடு.

பார்பரா கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி ஈப்போவுக்கு வந்தவள். தோட்டத்தில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் அவள் வீட்டில்தான் தங்குவார்கள், அவள் முகவரியைத்தான் கொடுப்பார்கள். தோட்டத்துக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் போனால், தோட்டத்துக் கணக்கர் கிராணியின் மேசையில் கிடந்தே வரச்சொன்ன தேதி தாண்டிவிடும். பார்பராவுக்கு வந்தாலோ, பிரித்துப் படித்து, போன் போட்டுத் திட்டி, ஆளை பஸ் ஏற வைத்துவிடுவாள். அந்தத் திட்டாலேயே பிழைத்தவர்கள் உண்டு.

இதனால் பதிவேட்டைப் பார்த்தால் தோட்டத்தில் நோயே கிடையாது. பரிசோதனை வண்டி மலையேறியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளாரிசா பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஏழாம் லயத்தில் இருக்கும் திலகா பதினொரு பேரில் ஒருத்தி. முகவரியை மாற்ற வேண்டும் என்றதும் அவள் முகம் சுருங்கியது.

"வேணாம்லா. அக்கா திட்டலேன்னா நான் எங்க ஆஸ்பத்திரிக்குப் போவேன்?"

பார்பராவுக்கும் கண் கலங்கிவிட்டது. "என் வீட்டுப் பிள்ளைங்கள வெட்டி விடப் போறியா, கிளாரிசா?"

"கடுதாசி உங்களுக்கே வரட்டும், பெரியம்மா. அதுக்குத் தனிக் கட்டம் இருக்கு. ஆனா இவங்க தூங்கி எழுறது இங்கதானே? அத எழுதினாத்தான் வண்டி இங்க வரும்."

திலகா பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்தாள். "எனக்கு நோய் முத்துனப்புறம்தான் தெரிஞ்சுச்சு. பக்கத்து வீட்டு ஜெயாவுக்காவது முன்னாடியே தெரியட்டும். எழுதிக்க."

மற்ற பத்துப் பேரும் அன்றே மாற்றிக் கொடுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் வண்டி தோட்டத்துக்கு வந்தது. கிளாரிசா பெயர் எழுத உட்கார்ந்தாள். எல்லாருக்கும் அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டிக் கொண்டுவந்திருந்த பார்பரா, வரிசையில் கடைசி ஆளாக வந்து நின்றாள்.

"இடது பக்கம் ஏதோ கட்டியாட்டம் இருக்குடி. ஆறு மாசமாச்சு."

கிளாரிசாவின் பேனா நின்றது. "ஆஸ்பத்திரி உங்க வீட்டுக்குப் பக்கத்துலதானே, பெரியம்மா!"

"பயம்லா." பார்பரா தலையைக் குனிந்துகொண்டாள். "கடுதாசிய திலகா வீட்டுக்கு அனுப்பு. எனக்கு வந்தா பிரிக்க மாட்டேன்."

ஜெயாவுக்குத் துணையாக முன்னால் நின்ற திலகா திரும்பி வந்து அவள் கையைப் பிடித்தாள். "தினமும் கிராணி மேசை முன்னால போய் நிப்பேன். எங்களையெல்லாம் திட்டின வாய்க்கு இப்ப பயமா? நானே வந்து உங்கள இழுத்துட்டுப் போறேன்."

கலங்கிய கண்ணோடு கிளாரிசா எழுதினாள். வசிப்பிடம்: ஈப்போ. கடிதம் அனுப்ப: திலகா, ஏழாம் லயம்.