திறப்புக்காரிக்குக் கவலையில்லை

திறப்புக்காரியின் முதற்குற்றம் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வெளிச்சத்துக்கு வருகிறது. நகரசபைக் கட்டடத்தின் நூற்றுப் பதினெட்டு அறைகளுக்கும் பூட்டு மாறியிருக்கிறது. ஒன்றும் உடையவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. நகரபிதா தன் அறைக் கதவில் திறப்பைப் போட்டுத் திருப்புகிறார். அது திரும்ப மறுக்கிறது. எட்டு மணிக்கு அவர் வெளிநாட்டவர் பிரிவுக்கு முன்னால் உள்ள நீள வாங்கில், 212 என்ற இலக்கத் துண்டுடன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு நீதிபதி. அதற்குப் பக்கத்தில் காவல்துறைத் தலைவர். யாருக்கும் தங்கள் முறை எப்போது வரும் என்று தெரியாது. பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் நீல மேலங்கி போட்ட ஒரு துப்புரவுப் பெண் தள்ளுவண்டியோடு அவர்களைத் தாண்டிப் போகிறாள். அவளை ஒருவரும் கவனிக்கவில்லை. அவள் நேராக நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

இந்தப் பக்கத்தை முதன்முதலில் பார்த்த அன்று என் நாட்குறிப்பில் எழுதியது இது: "நேரம் 18.40. மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். பொறாமையா என்று தெரியவில்லை. பிறகு யோசிக்க வேண்டும்."

இப்போது யோசிக்கிறேன். ஒழுங்காக எழுதினால்தான் எனக்கு விளங்கும்.

என் பெயர் நிதுசன். ஜேர்மனியின் ஹம் நகரில் ஒரு மருந்தகத்தின் பின்னறையில் வேலை. வரும் பெட்டிகளைச் சரிபார்த்து, திகதிப்படி அடுக்குவேன். செவ்வாய்க்கிழமைகளில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நடக்கும் மாலை வகுப்பில் சித்திரக்கதை வரையக் கற்றேன். பன்னிரண்டு மாலைகள், ஒன்பது பேர். எங்கள் ஆசிரியை ஹொல்மன் முதல் மாலையே விதியைச் சொல்லிவிட்டார். எல்லோரும் சேர்ந்து ஒரே கதை. ஒரு நாயகன், ஒரு வில்லன். சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு நான்கு பக்கம். கடைசியில் நாயகன் வெல்ல வேண்டும். முடிந்ததும் புத்தகமாக அச்சிட்டு, நூலகத்தில் காட்சிக்கு வைப்போம்.

நாயகனுக்கு நடந்த வாக்கெடுப்பில் என்னுடைய "வடகாற்று" வென்றான். காரணம் எனக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் முழுப் படிவம் இருந்தது. உயரம் 1.91, எடை 88, ஏழு அடுக்கு உருக்கை உடைக்கும் தோள், வறண்ட வெப்பத்தில் சோர்வு. வில்லனுக்கு நடந்த வாக்கெடுப்பில், நீர்வண்ண வகுப்பில் இடம் இல்லாததால் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் தாள் வென்றது. அதில் படிவம் ஏதும் கிடையாது. ஒரு நீல மேலங்கி, இடுப்பில் ஒரு பெரிய வளையம், அதில் நானூறு திறப்புகள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. எண்ணிப் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் பெயர் பேர்பெச்சுவா. நகரத்தின் அலுவலகங்களைக் காலை நான்கரை மணி முதல் துப்புரவாக்குபவர். யாழ்ப்பாணத்துக்காரர், என் பெற்றோரைப் போல. புத்தகத்தில் வில்லிக்கு ஜேர்மன் பெயர்தான். எங்களுக்குள் மட்டும் அவள் திறப்புக்காரி.

அவளிடம் என்னதான் இருந்தது? பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

அவள் எதையும் திருடுவதில்லை. நான்காவது முறையில் உவே வரைந்தார். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். அவர் கதையில் திறப்புக்காரி நீதிமன்றத்தின் கோப்பறையைத் திறக்கிறாள். ஒரு கோப்பைக்கூட எடுக்கவில்லை. எல்லாக் கோப்புகளையும் ஒரு தட்டு தள்ளி வைத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறாள். மூன்று மாதம் நகரத்தில் ஒரு வழக்கும் நடக்கவில்லை. பெட்டி அடுக்குவதே தொழிலாக இருக்கும் நான், அதைப் படித்த அடுத்த நாள் என் தட்டுகளை இரண்டு தடவை சரிபார்த்தேன். உலகத்தை அழிக்கப் புறப்படும் வில்லன்களை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அவர்களில் ஒருவரும் என்னை இப்படிப் பயமுறுத்தியதில்லை. ஒரு தட்டு! அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பிறகு, அவளுக்கு எல்லாம் தெரியும். குப்பைக்கூடையைப் பார்த்தே ஓர் ஆளின் வாழ்க்கையைச் சொல்லிவிடுவாள். வடகாற்று மேலே பறக்கிறான். அவனுக்கு ஒரு தெருவின் பெயர்கூடத் தெரியாது. அவன் கதவுகளை உடைத்துக்கொண்டு வருவான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்து, "உடைத்தது நீங்கள். கூட்டுவது யார்?" என்று கேட்பாள். நான் தந்த படிவத்தில் அப்படி ஒரு கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

ஒருநாள் இடைவேளையில் எல்லோருடைய குறிப்பேடுகளின் பின்னட்டையையும் பார்த்தேன். ஏழு பேர் திறப்புக்காரியைக் கிறுக்கி வைத்திருந்தார்கள். வடகாற்றை ஒருவரும் வரைந்திருக்கவில்லை. நானும்தான்.

"உன் ஆளுக்குக் கதவைத் தட்டவே தெரியாது, பையா," என்றார் உவே. "வளர்ப்புச் சரியில்லை."

சீட்டில் எனக்குக் கடைசி முறை விழுந்திருந்தது. வடகாற்று வெல்லும் நான்கு பக்கங்களை நான்தான் வரைய வேண்டும். பதினொரு திட்டங்கள் போட்டேன். பதினொன்றையும் அவள் முன்கூட்டியே யோசித்திருப்பாள் என்று எனக்கே தெரிந்தது. இன்னொரு தடையும் இருந்தது. என்னிலும் இருபத்துமூன்று வயது மூத்த பேர்பெச்சுவாவின் ஆளை என் ஆள் எப்படி அடிப்பது? எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு முன்னால் குரலையே உயர்த்தமாட்டோம்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. திறப்புக்காரிக்கு ஒரு கடந்தகாலம் கொடுத்தேன். எரியும் ஒரு வீடு, பூட்டிய கதவு, உள்ளே அவளுடைய குழந்தை, கையில் திறப்பு இல்லை. அதனால்தான் அவள் திறப்புகளைச் சேர்க்கிறாள். வடகாற்று அதைக் கேட்டு அவள் தோளில் கை வைக்கிறான். அவள் அழுதபடி வளையத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வரைந்தேன். கண்ணீர்த் துளிக்குள் தீயின் பிம்பம் தெரியும்படி செய்தேன்.

பத்தாம் மாலை அந்தப் பக்கங்களைச் சுவரில் ஒட்டினேன். ஹொல்மன் ஒவ்வொன்றாகப் படித்து முடித்தார். பிறகு, "இந்த வகுப்பில் வரையப்பட்டதிலேயே மிக நல்ல பக்கம் இதுதான்," என்றார். நூலகச் சுவரொட்டிக்கு அந்த அழும் முகத்தையே எடுத்துக்கொள்வோம் என்றார். உவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்காலம் முதல் என் படத்தை ஒருவர் எல்லோருக்கும் முன்னால் பாராட்டியது அதுதான் முதல் தடவை. நாட்குறிப்பில் அதை எழுதி, கீழே கோடும் போட்டேன்.

பேர்பெச்சுவா பென்சில்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனார்.

பேருந்துத் தரிப்பில் அவரைப் பிடித்தேன். ஜூன் மாதம், வெயில் இன்னும் போகவில்லை.

"அன்ரி, பக்கம் பிடிக்கேல்லையோ?"

"முதல் இந்த அன்ரி எண்டுறதை விடும். எனக்கு நாப்பத்தேழுதான்."

"சரி, அக்கா..."

"ஏன் தம்பி என்ர ஆளை அழ வைச்சனீர்?"

"அவவுக்கு ஒரு காரணம் வேணுமெண்டு யோசிச்சன். ஏன் கெட்டவவா வந்தவ எண்டு."

"அவள் கெட்டவள். அதுதான் காரணம்."

"சனம் அவவை விளங்கிக்கொள்ள வேணும் எல்லோ?"

"விளங்கினது காணும்!" பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைக் குறைக்கவில்லை. "இருவத்தாறு வருசமா என்னை விளங்கிக்கொண்டு நிக்கினம். ஒவ்வொரு ஒஃபீசிலயும் ஒரு ஆள் தலையைச் சரிச்சுக்கொண்டு வருவார். 'நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பியள்' எண்டு கேப்பார். நான் கூட்டுறதோ, அவருக்குக் கதை சொல்லுறதோ? எனக்கு ஒரு ஆள் வேணுமெண்டுதான் அவளைக் கீறினனான். அவளைக் கண்டால் ஆரும் 'அய்யோ பாவம்' எண்டக் கூடாது. 'அய்யோ, வந்திட்டாள்' எண்ட வேணும்."

"எல்லாருக்கும் பிடிச்சுதே, அக்கா. ஹொல்மன்கூட..."

"பிடிக்கும். அழுதால் ஏன் பிடிக்காது? அந்த மேயரைக் கொண்டுபோய் வாங்கில இருத்தேக்க எனக்கு எவ்வளவு புளுகம் தெரியுமோ? வீட்டில தனிய இருந்து சிரிச்சனான். அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. பிள்ளையும் இல்லை, எரிஞ்ச வீடும் இல்லை. விடிய எழும்பினால் இண்டைக்கு ஆரைக் குழப்பலாம் எண்டு மட்டும்தான் யோசிப்பாள்." பேருந்து வந்து நின்றது. ஏறும்போது திரும்பினார். "உமக்கு உம்மட காத்தாடியைக் காப்பாத்த வேணும். அவளை வெல்ல ஏலாது. அதுக்காக என்ர ஆளைப் பாவப்பட்டவளாக்கிப் போட்டீர்."

கதவு மூடிக்கொண்டது.

அடுத்த நாள் மருந்தகத்தில் மதிய இடைவேளையில், முதல் முப்பத்திரண்டு பக்கங்களையும் எடுத்து வைத்து எண்ணினேன். எட்டுப் பேர் வரைந்தவை. திறப்புக்காரியின் முகம் நாற்பத்தாறு கட்டங்களில் வருகிறது. முப்பத்தொன்பதில் சிரிக்கிறாள். மிகுதி ஏழில் வேலையில் கவனமாக இருக்கிறாள். ஒரு கட்டத்திலும் அவள் தலை குனியவில்லை. ஆளுக்கொரு விதமாக வரைந்த எட்டுப் பேரும், ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல், இதில் மட்டும் ஒரே மாதிரி நடந்திருக்கிறார்கள். அவளை அழவைத்தவன் நான் ஒருவன்தான். அவளுடைய நண்பன் என்று என்னை நினைத்துக்கொண்டே அதைச் செய்திருக்கிறேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு புத்தகம் அச்சுக்குப் போகும். பக்கத்தைத் திரும்பப் பெற இருப்பது அந்த ஒரு மாலைதான். பெற்றால் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டும் போய்விடும். பெறாவிட்டால் திறப்புக்காரி கடைசிப் பக்கத்தில் அழுதபடியே அச்சில் நிற்பாள். இரண்டையும் இரண்டு நிரலாக எழுதினேன். திரும்பப் பெறுவதும் நல்லவன் என்று பெயர் எடுக்கும் ஆசையோ என்ற சந்தேகம் வந்தது. அதை மூன்றாம் நிரலில் எழுதினேன். புதன்கிழமை வேலை முடிந்து வந்து வரையத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன்.

பதினோராம் மாலை, சிறிய அட்டையில் எழுதி வைத்திருந்த ஆறு வாக்கியங்களோடு எழுந்து நின்றேன்.

"என் நான்கு பக்கங்களையும் எடுத்துவிடுங்கள். அவளுக்குக் குழந்தை இருக்கவில்லை. அவளை எப்படி வெல்வது என்று தெரியாததால் நான் அதைச் சேர்த்தேன்."

"ஆனால் அதுதான் மிகவும் மனிதத்தன்மையுள்ள பக்கம்," என்றார் ஹொல்மன். "சுவரொட்டிகூடத் தயாராகிவிட்டது."

மிகுதி மூன்று வாக்கியங்களும் எனக்கு மறந்துபோயின. அட்டை கையில் இருந்தும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. "அவள் அழமாட்டாள்," என்று மட்டும் சொன்னேன். புதிய பக்கங்களை ஒட்டினேன்.

அவசரத்தில் வரைந்தவை. கோடுகள் நடுங்குகின்றன, அது எனக்குத் தெரியும். வடகாற்று நகரசபைக் கட்டடத்துக்குள் சுவரை உடைத்துக்கொண்டு வருகிறான். உள்ளே எல்லாக் கதவுகளும் திறந்து கிடக்கின்றன. ஒவ்வோர் அறையாகத் தேடுகிறான். யாரும் இல்லை. களைத்துப்போய் ஒரு நாற்காலியில் உட்காருகிறான். அப்போது அவள் நிலம் துடைத்தபடி வருகிறாள். அவனைப் பிடிக்கவோ அவனிடமிருந்து ஓடவோ அவளுக்கு அவசரம் இல்லை. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, "காலைத் தூக்குங்கள்," என்கிறாள். ஏழு அடுக்கு உருக்கை உடைக்கிறவன், ஒரு கணம் அவளைப் பார்க்கிறான். பிறகு இரண்டு கால்களையும் தூக்குகிறான். அவள் அவனுக்குக் கீழே துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே போய், கதவைப் பூட்டுகிறாள்.

உவே பெரிதாகச் சிரித்தார். "நானும் தூக்கியிருக்கிறேன்," என்றார். "நாற்பது வருடம். ஒருநாள்கூடத் துடைப்பது யாரென்று நிமிர்ந்து பார்த்ததில்லை." சிரிப்பு பாதியில் நின்றது. என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

நாயகன் வெல்ல வேண்டும் என்பது எல்லோரும் ஒத்துக்கொண்ட விதி என்பதால் ஹொல்மன் வாக்கெடுப்பு வைத்தார். புதிய பக்கங்களுக்கு ஆறு கைகள் உயர்ந்தன. என் கையை நான் உயர்த்தவில்லை, பேர்பெச்சுவாவும் உயர்த்தவில்லை.

"சரி," என்றார் ஹொல்மன். "வரைதல் பழையதைவிடப் பலவீனம். அதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்."

"ஓம்," என்றேன், தமிழில். அவருக்கு விளங்கியிருக்கும்.

பேர்பெச்சுவா எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்தார். மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்ட நின்று நான்கு பக்கங்களையும் பார்த்தார்.

"துடைக்கிற தடியை இப்பிடி ஆரும் பிடிக்கிறதில்லை," என்றார். "குனிஞ்சு குனிஞ்சு நாரி முறிஞ்சிடும்."

"திருத்தட்டோ, அக்கா?"

"தாரும் இங்க." என் பென்சிலை வாங்கி, திறப்புக்காரியின் கையை அழித்துத் தானே வரைந்தார். அந்தக் கை ஒரு கையுறையைப் போல இருந்தது. ஆனால் தடி சரியாக நின்றது.

சுவரொட்டிக்கு வேறு படம் எடுக்க நேரம் இல்லாமல் போனதால் வெறும் எழுத்துகளோடு ஒட்டினார்கள். பன்னிரண்டாம் மாலை, நூலகத்தில் எங்கள் புத்தகத்தை ஒரு நீள மேசையில் வைத்திருந்தோம். பதினேழு பேர் வந்தார்கள். பெரும்பாலும் எங்கள் உறவினர்கள். பேர்பெச்சுவா ஒரு பட்டுச் சேலையில் வந்து, தன் புத்தகத்தைத் தொடாமல், மேசைக்குப் பக்கத்தில் நின்று ஆட்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறரை மணிக்கு, கழுத்துப்பட்டி அணிந்த ஓர் ஆள் உள்ளே வந்தார். வேலை முடிந்து வழியில் நுழைந்தவர்போல இருந்தது. புத்தகத்தை எடுத்து, நின்றபடியே புரட்டத் தொடங்கினார். இரண்டு மூன்று இடங்களில் சிரித்தார். கடைசிப் பக்கத்தில் சிரிக்கவில்லை. முன்னால் நிற்கும் பெண்தான் திறப்புக்காரியைப் படைத்தவர் என்று அவருக்குத் தெரியாது. புத்தகத்தை மெதுவாக மூடி வைத்துவிட்டு, தன் மேற்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மற்றப் பையையும். திறப்புகளை வெளியே எடுத்து, உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உள்ளே போட்டார்.

பேர்பெச்சுவாவின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

"பாத்தீரோ?" என்றார், வாயை அசைக்காமல்.

"பாத்தனான், அக்கா."

"பயந்திட்டார்."

"ஓம். நல்லாப் பயந்திட்டார்."